மறைந்த கலைஞரும் மறவாத அரங்கமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நாடகக் கலைஞர்களைப் பற்றி, அதிலும் மறைந்துபோன கலைஞர்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். வெள்ளி விழா என்பது வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் நாள். அவ்வாறு பார்க்கும்போது, யாருடைய பெயர்களை எழுதி வைத்திருக்கிறோம், யாருடைய பெயர்களை எழுதாமல் விட்டுவிட்டோம் என்ற கேள்வி நம்முன் வந்து நிற்கிறது. அக்கேள்விக்கு விடைதேட, நாடக உலகம் தன் இறந்தோரை எவ்வாறு போற்றி வருகிறது என்பதை அறிவது நமக்குப் பெருந்துணையாகும்.

சிற்பி மறைந்தால் அவன் செதுக்கிய சிலை நிற்கும். புலவன் மறைந்தால் அவன் எழுதிய ஏடு நிற்கும். நடிகனின் நிலை வேறு. அவனுடைய குரலும் அடவும் கண்ணசைவும் ஆடிய இரவோடு கரைந்துபோகும் தன்மையுடையவை. கண்டவர்களின் நெஞ்சில் சில காலம் அவை வாழும்; கண்டவர்களும் மறைந்தபின் அந்த வாழ்வும் முடிந்துவிடும். ஒலிப்பதிவும் படக்கருவியும் வருவதற்கு முன் வாழ்ந்த நடிகர்கள் எல்லோருக்கும் நேர்ந்த கதி இதுவே. இதை நன்குணர்ந்தமையால்தான் நாடகக் கலைஞர்கள் தம்முள் ஒருவர் மறையும்போது, பிற தொழிலாளர்களைவிட ஒருபடி மிகுந்த அக்கறையுடன் அஞ்சலி செலுத்தும் வழக்கங்களை உண்டாக்கிக்கொண்டனர்.

கல்லறை மறுக்கப்பட்டவர்கள்

இவ்வக்கறைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது கசப்பான காரணம். நாடகக்காரர்களுக்குப் பிறர் அஞ்சலி செலுத்த மறுத்த காலம் நெடுங்காலமாக இருந்தது.

பிரெஞ்சு நாட்டின் தலைசிறந்த நகைச்சுவை நாடகாசிரியர் மோலியர். அவரே நடிகர், அவரே ஒரு நாடகக் குழுவின் தலைவர். 1673 பிப்ரவரி 17 அன்று, நோயில்லாமலே தன்னை நோயாளியாக எண்ணிக்கொள்ளும் ஒருவனின் வேடத்தை ஏற்று அவர் மேடையில் நின்றார். உண்மையில் அவர் கடும் நோயால் வருந்திக்கொண்டிருந்தார். நாடகத்தை ஒருவாறு முடித்துக்கொண்டு வீடு திரும்பிய அவர், அன்றிரவே உயிர் நீத்தார். அந்நாளில் நடிப்பு இழிதொழிலாகக் கருதப்பட்டது. இறக்குமுன் பாதிரியாரிடம் தன் தொழிலைக் கைவிடுவதாக உறுதி கூறாத நடிகனுக்குத் திருச்சபையின் இடுகாட்டில் இடமில்லை. மோலியருக்கும் இடம் மறுக்கப்பட்டது. அவருடைய மனைவி மன்னர் பதினான்காம் லூயியிடம் சென்று முறையிட்ட பின்னரே, சடங்குச் சிறப்பு எதுவுமின்றி இரவு நேரத்தில் அடக்கம் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. அரசவையையே சிரிக்க வைத்த ஒரு மாமனிதர், பிப்ரவரி 21 அன்று இருளில் மண்ணுக்குள் வைக்கப்பட்டார்.

ஏறத்தாழ 57 ஆண்டுகள் கழித்து, 1730-இல் பாரிசு நகரின் புகழ்பெற்ற நடிகை அத்ரியன் லெகூவ்ரேர் மறைந்தபோது அந்த இரவு அடக்கமும் மறுக்கப்பட்டது. இடுகாட்டுக்கு வெளியே, அடையாளம் ஏதுமில்லாத ஒரு வெற்றிடத்தில் அவர் உடல் புதைக்கப்பட்டது. அறிஞர் வால்தேர் இக்கொடுமையைக் கண்டு மனம் நொந்து கவிதை எழுதினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆன் ஓல்டுபீல்டு என்ற நடிகை மறைந்தபோது, மன்னர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. தொழில் ஒன்றே; கடல் ஒன்றைக் கடந்தால் இழிவு பெருமையாகிறது. இழிவு என்பது தொழிலில் இல்லை, அதைப் பார்ப்பவர் வகுத்த விதியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அமெரிக்காவிலும் இதே நிலை இருந்தது. 1870-இல் நியூயார்க் நகரில் ஜார்ஜ் ஹாலந்து என்ற முதிய நடிகர் இறந்தார். அவருடைய நண்பரான நடிகர் ஜோசப் ஜெபர்சன் ஒரு தேவாலயத்திற்குச் சென்று இறுதிச் சடங்கு நடத்த வேண்டினார். இறந்தவர் நடிகர் என்றறிந்ததும் அங்கிருந்த குருவானவர் மறுத்துவிட்டார். தெருமுனையில் உள்ள சிறிய கோவிலில் கேட்டுப் பார்க்குமாறு கூறி அனுப்பினார். அந்தச் சிறிய கோவில் தன் கதவைத் திறந்தது. அன்று முதல் நியூயார்க் நடிகர்கள் அதைத் தங்கள் கோவிலாகவே கருதினர். 'தெருமுனைச் சிறு கோவில்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பின்னர் 1882-இல் அமெரிக்க நடிகர்கள் தமக்கென உதவி நிதி ஒன்றை நிறுவியபோது, ஆதரவற்ற நடிகர்களின் அடக்கச் செலவை ஏற்பதும் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று.

இடுகாட்டுக்குச் செல்லும் பாதை மறிக்கப்படும் துயரம் எத்தகையது என்பதை நம் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் இவ்வரலாறு அயல்நாட்டுக் கதையாக இருந்தும் நம் நெஞ்சைத் தொடுகிறது. மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இனி நாம் காணவேண்டுவது.

ஒரு நடிகர் எழுதிய கணக்கேடு

மோலியர் மறைந்தபின் அவருடைய குழு கலைந்துவிடவில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவர்கள் மீண்டும் திரையை உயர்த்தினர். அடுத்த மாதத்தில், மோலியர் கடைசியாக நடித்த அதே நாடகத்தை, அதே வேடத்தில் மற்றொருவரை நிறுத்தி நடத்தினர். அக்குழுவிலிருந்து தோன்றி 1680-இல் உருவான 'கொமெதி பிரான்சேஸ்' என்னும் அரங்கம் இன்றும் பாரிசில் இயங்கி வருகிறது. மோலியர் இறுதியாக அமர்ந்து நடித்த நாற்காலியை அவ்வரங்கத்தார் காத்து வருகின்றனர். அவருடைய நினைவாக ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று, நாடகம் முடிந்தபின் நடிகர்கள் மேடையில் கூடிநின்று, அவருடைய நாடகங்களிலிருந்து ஆளுக்கொரு வரி கூறி வணங்குகின்றனர். இருளில் புதைக்கப்பட்டவருக்கு விளக்கொளியில் செலுத்தப்படும் அஞ்சலி அது.

ஆனால், இவை எல்லாவற்றினும் பெரிய அஞ்சலி ஒன்றுண்டு. அதைச் செய்தவர் மோலியர் குழுவில் இருந்த லா கிராஞ்சு என்ற நடிகர். அவர் நாள்தோறும் ஒரு கணக்கேடு எழுதி வந்தார். இன்று எந்த நாடகம் ஆடினோம், எவ்வளவு வசூலாயிற்று, பங்கு எவ்வளவு, குழுவில் யார் சேர்ந்தார், யார் விலகினார், யார் இறந்தார் என்பனவற்றை எளிய சொற்களில் குறித்து வைத்தார். 1659 முதல் 1685 வரை அக்குறிப்பு தொடர்கிறது. மோலியரின் மறைவும் அதில் பதிவாகியுள்ளது. எழுதியபோது அதை ஓர் அஞ்சலியாக அவர் நினைத்திருக்க மாட்டார். எனினும் இன்று பிரெஞ்சு நாடக வரலாற்றை எழுதப் புகும் எவரும் அக்கணக்கேட்டைப் புரட்டாமல் ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. 1682-இல் மோலியரின் நாடகங்களைத் தொகுத்து அச்சிட முன்னின்றவரும் அவரே. இளைஞர்கள் இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதன் பயனை நாம் பின்னர்க் கூறுவோம்.

அயல்மண்ணில் ஒரு கல்லறை

தொழிலால் இழிவு பெற்றவரின் கதையைக் கண்டோம். இனி, பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒரு நடிகரின் கதையைக் காண்போம்.

ஐரா ஆல்டிரிட்ஜ் என்பவர் 1807-இல் நியூயார்க்கில் பிறந்த கருப்பினத்தவர். கருப்பினக் குழந்தைகளுக்கென அமைந்த பள்ளியில் பயின்றவர். கருப்பினத்தார் தாமே நடத்திய ஒரு நாடகக் குழு அந்நாளில் அந்நகரில் இருந்தது. அதனோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அக்குழுவை வெள்ளையர் நிம்மதியாக நடிக்க விடவில்லை. கலகம் செய்து நாடகத்தைக் கெடுத்தனர். தம் நாட்டில் தமக்கு மேடையில்லை என்றுணர்ந்த அவ்விளைஞர், 1824-இல் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டே இலண்டனில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாகத் தோன்றினார்.

1833-இல் இலண்டனின் பெருமை மிக்க கோவன்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பத்திரிகைகள் சில அவரது நிறத்தைக் குறித்து நஞ்சு கக்கின. இரண்டே இரவுகளில் அவ்வாய்ப்பு முடிந்தது. ஆல்டிரிட்ஜ் சோர்ந்துவிடவில்லை. இலண்டனை விட்டு ஊரூராகச் சென்று நடித்தார். 1852 முதல் ஐரோப்பிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். பிரஷ்ய மன்னர் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தார். உருசிய நாட்டு மக்கள் அவரைக் கொண்டாடினர். நாடகம் முடிந்தபின் திரைக்கு முன் வந்து, அடிமை முறையின் கொடுமையை அவையோருக்கு எடுத்துரைப்பதும் அவருடைய வழக்கமாக இருந்தது.

1867 ஆகஸ்டு 7 அன்று, போலந்து நாட்டின் லோட்ஸ் நகரில் சுற்றுப்பயணத்தின் இடையே அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த மண் ஒன்று, வாழ்ந்த மண் மற்றொன்று, துயில்கொள்ளும் மண் வேறொன்று. மொழியும் இனமும் வேறான அந்நாட்டில் அவருடைய கல்லறையைப் பார்த்துக்கொள்வார் யார் என்று நாம் நினைப்போம். போலந்து நாட்டு நாடக, திரைப்படக் கலைஞர்களின் சங்கம் அக்கல்லறையைப் பேணும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அவர்களில் எவரும் அவருக்கு உற்றாரல்லர். ஒரே தொழிலைச் செய்தவர் என்ற உறவு ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்டிராட்போர்டு நகர் நினைவு அரங்கில், ஆங்கில மேடையின் தலைசிறந்த நடிகர்கள் 33 பேருக்கு வெண்கலப் பலகைகள் அமைந்துள்ளன. அவர்களுள் ஆப்பிரிக்க மரபினர் ஆல்டிரிட்ஜ் ஒருவரே. அமெரிக்காவில் வாசிங்டன் நகரில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் நாடக அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2012-இல் இலண்டனில், லோலிதா சக்கரவர்த்தி என்ற எழுத்தாளர் 1833-இல் அவருக்கு நேர்ந்ததையே ஒரு நாடகமாக்கி மேடையேற்றினார். இரண்டு இரவுகளில் முடிக்கப்பட்ட கதை, 179 ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் மீண்டும் தொடங்கிற்று.

இதில் நாம் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. நினைவு தானாக நிலைப்பதில்லை. கல்லறையைக் கழுவ ஒரு கை வேண்டும். பலகையில் பெயர் பொறிக்க ஒருவர் முன்வர வேண்டும். நாடகம் எழுத ஒருவர் ஏடுகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

விளக்கை யாருக்காகத் தணிப்பது?

நியூயார்க் நகரின் பிராட்வே பகுதியில் ஒரு வழக்கமுண்டு. புகழ்பெற்ற நாடகக் கலைஞர் ஒருவர் மறைந்தால், அங்குள்ள அரங்குகளின் முகப்பு விளக்குகளை ஒரு நிமிட நேரம் தணித்து வைப்பர். 1952-இல் கெர்ட்ரூட் லாரன்ஸ் என்ற நடிகை மறைந்தபோது நியூயார்க்கிலும் இலண்டனிலும் இவ்வாறு விளக்குகள் தணிந்தன. இரவைப் பகலாக்கும் அத்தெருவில் ஒரு நிமிட இருள் என்பது ஆயிரம் சொற்களைவிட வலியது.

ஆனால் அந்த ஒரு நிமிடத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யாருக்காக விளக்கைத் தணிப்பது என்பதை முடிவு செய்பவர்கள் நடிகர்கள் அல்லர், அரங்கு உரிமையாளர்களே. 2024-இல் கேவின் கிரீல் என்ற நடிகர் 48-ஆம் வயதில் மறைந்தார். அவருக்காகச் சில அரங்குகளில் மட்டுமே விளக்கு தணியும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. உடன் நடித்தவர்களும் சுவைஞர்களும் வருந்திக் குரல் எழுப்பினர். அதன்பின் எல்லா அரங்குகளும் இசைந்தன. ஓர் உயிரின் மதிப்பை இத்தனை விளக்குகள் என்று எண்ணிக் கொடுப்பதை உடன் உழைத்தவர்கள் ஏற்கவில்லை.

புகழ்பெற்ற ஒரு நடிகருக்கே இவ்வளவு வாதம் வேண்டியிருந்தது என்றால், விளக்குப் பிடித்தவருக்கும் உடை தைத்தவருக்கும் பின்பாட்டுப் பாடியவருக்கும் மத்தளம் கொட்டியவருக்கும் எந்த விளக்கு தணியும்? இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

நின்ற இடத்திலிருந்து தொடர்ந்த நாடகம்

தில்லிக்கு அருகில் சாகிபாபாத் தொழிற்பகுதியில் ஜண்டாபூர் என்ற சிற்றூர் உள்ளது. 1989 ஜனவரி 1 அன்று, 'ஜன நாட்டிய மஞ்ச்' என்ற குழுவினர் அங்கே தொழிலாளர் குடியிருப்பில் 'ஹல்லா போல்' என்ற தெரு நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தனர். குழுவின் முன்னோடிகளுள் ஒருவர் சஃப்தர் ஹஷ்மி. நாடகம் பாதி நடந்துகொண்டிருந்தபோது ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று தாக்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். படுகாயமுற்ற சஃப்தர் மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 34.

ஜனவரி 3 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர். அதற்கு அடுத்த நாள், ஜனவரி 4 அன்று, சஃப்தரின் துணைவியார் மொலயஸ்ரீ ஹஷ்மியும் குழுவினரும் அதே ஜண்டாபூருக்குத் திரும்பிச் சென்றனர். நின்றுபோன அதே நாடகத்தை அதே இடத்தில் நடித்து முடித்தனர். கணவரை இழந்து இரண்டு நாளே ஆன ஒரு பெண், அழுகையை அடக்கிக்கொண்டு, கூடிநின்ற உழைக்கும் மக்கள்முன் தம் வேடத்தை ஏற்று நடித்தார். உலக நாடக வரலாற்றில் இதற்கு நிகரான அஞ்சலிகள் மிகச் சிலவே இருக்கும்.

அது அன்றோடு முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அக்குழுவினர் ஜண்டாபூரில் கூடி நாடகம் நடத்தி வந்துள்ளனர். சஃப்தர் பிறந்த ஏப்ரல் 12-ஆம் நாளைத் தெரு நாடக நாளாக நாட்டின் பல பகுதிகளிலும் கலைக்குழுக்கள் கடைப்பிடிக்கின்றன. இவற்றினும் நாம் மிகுதியாகப் போற்றுவது ஒன்றுண்டு. ஜண்டாபூரின் நினைவு நாளில் சஃப்தரின் பெயரோடு ராம் பகதூரின் பெயரும் சேர்ந்தே ஒலிக்கிறது. அவர் நடிகரல்லர், நேபாளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஓர் எளிய தொழிலாளி. பெரிய பெயரின் நிழலில் சிறிய பெயர் மறைந்துபோக அக்கலைஞர்கள் இடங்கொடுக்கவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

நம் தமிழ் மேடையில்

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். ஆல்டிரிட்ஜ் மறைந்த அதே 1867-ஆம் ஆண்டில், சரியாக ஒரு திங்கள் கழித்து, செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் மேடையை நடுங்கச் செய்த நடிகர். பின்னர்ப் பல நாடகங்களை இயற்றிய ஆசிரியர். 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட நாடகக் குழு ஒன்றை நிறுவினார். ஏழைச் சிறுவர்கள் பலர் உண்டு உறைந்து கலை பயின்ற இடம் அது. பக்கவாதத்தால் உடலும் நாவும் தளர்ந்த நிலையில், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் அவர் இயற்கை எய்தினார். கருவடிக்குப்பம் இடுகாட்டில் அவருடைய சமாதி இருக்கிறது.

துறவு வாழ்க்கை வாழ்ந்த சுவாமிகளுக்கு மக்கட்பேறு இல்லை. எனினும் தமிழ்நாட்டில் பெற்ற மக்கள்கூட ஆற்றாத அளவுக்கு அவருக்கு ஆண்டுதோறும் நினைவு வழிபாடு நடைபெறுகிறது. செய்பவர்கள் நாடக நடிகர்கள். புதுச்சேரியில் அவர் சமாதிக்குக் கலைஞர்கள் சென்று மலர் தூவுகின்றனர். மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் நாடக நடிகர் சங்கத்தார் குருபூசை நடத்துகின்றனர். ராசபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் வேடக்காரரும் ஆர்மோனியம், மிருதங்கம் வாசிப்போரும் ஒன்றாக நின்று வணங்கும் நாள் அது. அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' இன்றும் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. அது நடக்கும்வரை அவருக்கு இறப்பில்லை.

சுவாமிகளின் குழுவில் ஆறு வயதில் சேர்ந்த சிறுவர் ஒருவர், பின்னாளில் அவ்வை சண்முகம் என்று நாடு போற்றிய தி. க. சண்முகம். தம் ஆசிரியரைப் பற்றியும், தாம் கண்ட நாடக உலகைப் பற்றியும் அவர் விரிவாக எழுதி வைத்தார். 'எனது நாடக வாழ்க்கை' என்ற அவருடைய நூல் இல்லையேல், அக்கால நடிகர்கள் பலரின் பெயர்கூட நமக்குத் தெரிந்திராது. பாரிசில் லா கிராஞ்சு செய்ததைத் தமிழில் சண்முகம் செய்தார். இருவரும் நடிகர்கள், இருவரும் எழுதத் தெரிந்தவர்கள். எழுத்தறிவு கலைக்குச் செய்யும் தொண்டு எத்தகையது என்பதை இவர்களால் அறிகிறோம்.

தெருக்கூத்திலும் இத்தகைய நன்றியறிதல் உண்டு. புரிசை கண்ணப்பத் தம்பிரான் 2003-இல் மறைந்தபின், அவருடைய நினைவாகப் புரிசைச் சிற்றூரில் ஆண்டுதோறும் நாடக விழா நடத்தும் வழக்கத்தை அவர் வழிவந்தோர் ஏற்படுத்தினர். கூத்தும் தற்கால நாடகமும் அங்கே ஒரே இரவில் அரங்கேறுகின்றன. கூத்தனுக்குக் கூத்தால் அஞ்சலி!

நம்மிடையே தோன்றி, நம் துயரைப் பாட்டாகவும் நாடகமாகவும் உலகறியச் செய்தவர் முனைவர் கே. ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையில் வறுமையில் பிறந்தவர். ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர். 'தன்னானே' கலைக்குழுவைக் கொண்டு மேடைகளில் பாடியவர். 'பலியாடுகள்' என்ற நாடகத்தால் தமிழில் தலித் அரங்கிற்கு வழியமைத்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் தாங்கிய நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக விளங்கியவர். 2016 ஜனவரி 17 அன்று அவர் மறைந்தார். ஆனால் அவருடைய வாழ்வு நமக்குக் கிடைக்காமற் போகவில்லை. ஏனெனில் 2005-இலேயே 'வடு' என்ற தன்வரலாற்று நூலை அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். பிறர் எழுதுவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை.

எழுதப்படாத பெயர்கள்

அன்பர்களே! வட மாவட்டங்களில் ஒருவர் இறந்தால், அவருடைய காரியத்தை ஒட்டி இரவில் 'கர்ண மோட்சம்' கூத்து ஆடச் செய்வது நெடுநாள் வழக்கம். கர்ணன் களத்தில் வீழ்ந்து, தன் புண்ணியம் அனைத்தையும் தாரைவார்த்து மோட்சம் பெறுவதைக் கண்டு, இறந்தவரின் குடும்பத்தார் தம் துயரை அழுது தீர்ப்பர். விடிந்ததும் கூத்தாடிகள் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவர். தமிழ்நாடு முழுதும் இறந்தவர் யாராயினும், அவரைப் பறையொலியோடு அனுப்பி வைத்தவர்கள் நம் முன்னோர்கள். ஒப்பாரியின் சொற்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் நம் தாய்மார்கள்.

ஊரார் அனைவருக்கும் அஞ்சலி செலுத்திய அக்கலைஞர்கள் மறைந்தபோது அவர்களுக்கு அஞ்சலி செலுத்தியவர் யார்? அவர்களுள் எத்தனை பேரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது? கர்ணனாக ஆயிரம் முறை வீழ்ந்து எழுந்தவர், உண்மையில் வீழ்ந்த நாள் எது என்று எந்த ஏட்டிலாவது குறிப்பு உண்டா? அவர் பாடிய பாட்டு அவரோடு சாம்பலாயிற்றா, எவரேனும் கற்றுக்கொண்டார்களா?

இவர்களின் பெயர்கள் எழுதப்படாமைக்குக் காரணம் அவர்களிடம் கலை இல்லாமை அன்று. அவர்களைச் சூழ இருந்தவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. எழுத்து உடையவர்களோ அப்பெயர்களை எழுதத் தக்கவையாகக் கருதவில்லை. பறையைச் சாவு மேளம் என்று இகழ்ந்தவர்கள், தம் வீட்டுச் சாவுக்கு அதையே நாடி வந்தனர். இன்று நிலை ஓரளவு மாறியிருக்கிறது. கல்லூரிகளிலும் மேடைகளிலும் இளைஞர்கள் பெருமையோடு பறையிசைக்கின்றனர். மகிழ்ச்சிதான். ஆயினும், அவ்வடியை நமக்குக் கற்றுக்கொடுத்த முதியவரின் பெயரைக் கேட்டால், அவ்விளைஞர்களில் பலர் சொல்லத் தெரியாமல் விழிப்பர். கலையை எடுத்துக்கொண்டு கலைஞரை விட்டுவிடுவது முழுமையான பெருமையாகாது.

நாம் செய்ய வேண்டுவன

கல்விக் கழகம் ஒன்று இதற்காகச் செய்யக்கூடியன யாவை? பெரும்பொருள் வேண்டியதில்லை, சிலை எழுப்ப வேண்டியதில்லை. ஒரு கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு போதும். நம் மாணவர்கள் விடுமுறை நாள்களில் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது, அங்கு வாழும் முதிய கலைஞர்களிடமும் மறைந்த கலைஞர்களின் குடும்பத்தாரிடமும் அமர்ந்து கேட்க வேண்டும். பெயர், ஊர், கலையைக் கற்பித்த ஆசிரியர், கட்டிய வேடங்கள் அல்லது வாசித்த கருவி, உடன் ஆடியவர்கள், மறைந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு அதில் எழுத வேண்டும். பின்பாட்டுக்காரரையும் ஒப்பாரி பாடிய அம்மையாரையும் விட்டுவிடக் கூடாது. ஜண்டாபூர் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது.

அடுத்து, பாட்டைப் பாட்டாகவே காக்க வேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. முதியவர் பாடும்போது அதைப் பதிந்து, பாடியவர் பெயரையும் நாளையும் தவறாமல் உடன் குறித்து வைப்பது எவருக்கும் அரிய செயலன்று. பெயரில்லாத பதிவு மீண்டும் ஓர் அநாதைப் பாட்டையே உண்டாக்கும்.

மூன்றாவதாக, மறைந்தபின் மலர் சூட்டுவதற்கு முன், வாழும்போது கஞ்சி வார்க்க வேண்டும். நலிந்த கலைஞர்களுக்கான அரசு உதவித்தொகையும், நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான நலவாரியமும் தமிழ்நாட்டில் உள்ளன. அவற்றைப் பெறத் தகுதியுடைய முதியவர்கள் பலர், விண்ணப்பம் எழுதித் தர ஆளின்றி விட்டுவிடுகின்றனர். படித்த பிள்ளைகள் அவ்விண்ணப்பத்தை நிரப்பித் தந்து, அலுவலகத்திற்கு உடன் சென்றுவந்தால், அதைவிடச் சிறந்த அஞ்சலி வேறெதுவும் இல்லை.

நான்காவதாக, கழகத்தின் ஆண்டு விழாவில் ஒரு மணி நேரத்தை இவர்களுக்கென ஒதுக்க வேண்டும். குறிப்பேட்டிலிருந்து அவ்வாண்டு மறைந்தவர்களின் பெயர்களை மேடையில் உரக்கப் படிக்க வேண்டும். பாரிசு நடிகர்கள் ஆளுக்கொரு வரி கூறுவதுபோல, அவர்கள் பாடிய பாட்டில் ஓரடியை, அவர்கள் கொட்டிய பறையில் ஓரடியை, கற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர் நிகழ்த்திக் காட்ட வேண்டும். கற்றுக்கொள்ள ஒருவர் இருந்தால்தான் அது இயலும் என்பதால், அந்த ஒரு மணி நேரத்திற்காகவேனும் நம் பிள்ளைகள் ஆண்டு முழுதும் பயில்வர்.

இளைஞர்களே! உங்கள் பாட்டனார்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. இந்தக் கழகமும் இதுபோன்ற பிற கழகங்களும் பட்ட பாட்டினால் உங்கள் கையில் எழுதுகோல் இருக்கிறது. அதைக் கொண்டு விண்ணப்பம் எழுதுங்கள், தேர்வு எழுதுங்கள், பதவி பெறுங்கள், அவையெல்லாம் வேண்டும். அவற்றோடு, எழுதப்படாமற்போன ஒரு பெயரையேனும் எழுதுங்கள். பொன் விழா கொண்டாடும் நாளில், இந்நூலகத்தின் பேழையில் அக்குறிப்பேடு நிறைந்த பக்கங்களுடன் இருக்குமாயின், அதைத் திறந்து பார்க்கும் தலைமுறை தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை அறிந்துகொள்ளும்.